இணைப்பு: பதினொரு வண்டுகள்

பீல் நகரில், ரயில் பாலத்துக்குக் கீழே,
எங்கள் கடை நிலவறையில்
குத்தரிசி மூட்டையின் வாய்த் தையலில்
முதலாவதைக் கண்டது தவநேசன்.
எள்ளு என்றுதான் நினைத்தானாம்.
எள்ளு நடந்தது.

கடைக்காரிக்கு வண்டைக் கண்டால்
முதலில் வருவது அருவருப்பு இல்லை, கணக்கு.
இருபது கிலோ மூட்டை முப்பத்தொன்று,
மல்லி ஐந்து சாக்கு, ஒடியல் மா ஒரு பெட்டி.
சுளகில் கொட்டிப் புடைத்தேன்.
அரிசியில் ஓட்டை இல்லை.
ஒரு மணியைக் கடித்துப் பிளந்து பார்த்தேன்:
முழுசு. உள்ளே ஒருவரும் குடியிருக்கவில்லை.
மேல்தட்டில், சீன மாணவர்களுக்கென்று வாங்கிய
உலர்காளான் பக்கற்றில் மட்டும்
குடும்பம் நடத்திய தடயம், புழுதி, தோல்.
மற்றதெல்லாம் என்னத்தைத் தின்று உயிர் வாழுது?

செவ்வாய்க்கிழமை பரிசோதகர் வந்தார், மதாம் குரோஜான்.
இலையுதிர்கால ஞாயிறுகளில்
நகரசபைக் காளான் மேசையில் இருப்பவர்.
ஜூரா காட்டில் பொறுக்கிய கூடைகளை
நனைந்த சப்பாத்தோடு ஆட்கள் நீட்ட,
ஒவ்வொன்றாய்க் கத்தியால் பிளந்து
இது உங்களுக்கு, இது குப்பைக்கு,
இதில் ஏற்கனவே ஆள் இருக்கு, என்பவர்.

முழங்காலில் இருந்து லென்ஸை வைத்தார்.
கழுத்துப் பட்டையின் முன்மூலைகளில் சின்னக் குமிழ் இரண்டு,
மழைக்கோட்டின் தோள் பொத்தான் மாதிரி.
"அந்நியத் தானிய வண்டு. பெயரே அதுதான்."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், காது சிவந்து.
பரவாயில்லை மதாம்,
என் பழைய அட்டையிலும் அந்தச் சொல்தான் இருந்தது.
இருவரும் சிரித்தோம்.
தவநேசன் சிரிக்கவில்லை.

"இது அரிசிக்கு வந்ததில்லை.
பூஞ்சணத்துக்கு வந்தது.
ஈரமில்லாத இடத்தில் இது பெருகாது."
மூட்டைகளை ஒதுக்கி
சுவரில் உள்ளங்கை வைத்தார்,
மாவுக்குப் பதம் பார்ப்பதுபோல.
மல்லிச் சாக்கின் பின்னால்
சாம்பல் பச்சையில் வெல்வெட்டு,
தொட்டால் விரலோடு வந்தது.

மூன்று பனிக்காலமாய் எழுதுகிறேன்
வீட்டுக்காரர் ஸ்டுக்கிக்கு.
முதல் கடிதத்துக்குப் பதில்: சன்னலைத் திறந்து வையுங்கள்.
நிலவறைக்குச் சன்னல் இல்லை.
இரண்டாவதுக்கு: உங்கள் சமையல் ஆவி.
நாங்கள் கடையில் தேத்தண்ணிகூட வைப்பதில்லை,
பக்கத்துத் துருக்கிக்காரரிடம் வாங்குகிறோம்.
மூன்றாவதுக்குப் பதிலே இல்லை.

அன்றிரவு நாலாவது எழுதினேன்.
ஒட்டுநாடாவில் அவற்றை வரிசையாய் ஒட்டி,
பக்கத்தில் தேதி, மூட்டை இலக்கம், சுவரிலிருந்து தூரம்.
மதாமின் அறிக்கைப் பிரதி.
கடைசி வரியில்:
இணைப்பு, பதினொரு வண்டுகள்.
தபால் கந்தோரில் அந்தப் பெட்டை கேட்டாள்,
உள்ளே பெறுமதியான பொருளா?
ஓம் என்றேன்.

அடுத்த வெள்ளி குழாய்க்காரன் வந்து
சுவரை உடைத்தான்.
எங்களுக்கு முந்தி, எங்களுக்கு முந்திய
சப்பாத்துக் கடைக்கும் முந்தி
வெடித்த கழிவுக்குழாய்
துருவுக்குள்ளால் சொட்டிக்கொண்டிருந்தது,
ஒரு அவசரமும் இல்லாமல்.

வென்றோம் என்று சொல்ல ஆசைதான்.
முப்பத்தொரு மூட்டையும் உலைக்குப் போயின,
ஓட்டை விழாத அரிசி.
ஸ்டுக்கி சுவருக்குக் காசு கட்டினார், அரிசிக்கு இல்லை.
அதற்கு இப்போது ஐந்தாவது கடிதம்.

நேற்று கடன் கொப்பியைத் திறந்தேன்.
நாடாவுக்குத் தப்பிய ஒன்று
தர வேண்டியவர்களின் பெயர்கள்மேல்
ஒன்று விடாமல் நடந்து போனது.
ஊதிவிடத்தான் குனிந்தேன்.
பிறகு கொப்பியைத் தூக்கி
மோந்து பார்த்தேன்.